கடலோரத்துக் காரில் ஒடுக்கு எடுப்பது: முதல் தடவை செய்பவர்களுக்கு

ஒடுக்கு விழுந்த அன்றைக்கே, வேறெதையும் தொடுமுன், பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கிட்டப் போய், விரல் நகத்தை ஒடுக்கின் மேல் மெதுவாக இழுங்கள். நகம் எங்காவது தட்டினாலோ, மயிரிழை போலக் கோடு தெரிந்தாலோ, தகடு பளிச்சென்று வெளியே தெரிந்தாலோ உங்கள் வேலைக்குக் கெடு வந்துவிட்டது. பெயின்ட் உடையாத ஒடுக்கு ஆறு மாதம் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெயின்ட் உடைந்த ஒடுக்கை நம்ம ஊரில் ஒரு வாரம்கூட அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியை ஒட்டி. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். நாவலடி, கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று தொடங்கி கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை வீடுகள் எல்லாம் உப்புக் காற்றில்தான் நிற்கின்றன. வெறும் தகடு இரவுப் பனியில் கிடந்தால் விடியும்போதே மஞ்சள் படரத் தொடங்கிவிடும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் வெயில் ஏறின பிறகும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பத் துருவைப் பற்றியே பேசுவேன். ஒடுக்கை மட்டம் செய்வது பழகப் பழக வந்துவிடும். அந்த இடம் இரண்டு மாரி தாண்டியும் கொப்பளிக்காமல் இருக்க வேண்டுமே, அதைத்தான் முதல் நாளிலிருந்தே யோசிக்க வேண்டும்.

பெயின்ட் உடைந்திருந்து இன்றைக்கு வேலை செய்ய நேரம் இல்லையென்றால், சவர்க்காரத் தண்ணீரால் உப்பும் மண்ணும் போகக் கழுவி, வெயிலில் நன்றாக உலரவிட்டு, தகடு தெரியும் இடத்தில் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தடவை பூசிவிடுங்கள். பிறகு எப்படியும் தேய்த்து எடுக்கப் போகிறோம், அழகு பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு அது காக்கும்.

இன்னொரு வாகனம் மோதி வந்த ஒடுக்கென்றால், ஃபுல் இன்சூரன்ஸ் இருப்பவர்கள் கை வைக்குமுன் படம் எடுத்து, இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள். தட்டி எடுத்த பிறகு கோரிக்கை வைத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

எங்களிடம் இருப்பது பழைய மாருதி 800. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஊரில் எல்லோரும் இருக்கிற காரையே காப்பாற்றப் பழகினோம். நானும் அப்போதுதான் இந்த வேலையைக் கற்றேன்.

எதைத் தொடலாம், எதை விடலாம்

காரின் வெளித்தகடு பொதுவாக 0.7 மில்லிமீட்டர் அளவு தடிப்புத்தான். தென்னையிலிருந்து விழும் குரும்பட்டி, கதவில் சாயும் சைக்கிளின் ஹேண்டில், சந்தை வாசலில் உரசும் ஓட்டோ, இரவில் வீதியில் படுத்திருந்துவிட்டுத் திடீரென எழும்பும் மாடு, இதெல்லாம் போதும் அதை நெளிக்க. இந்த மாதிரி ஒடுக்குகளில், கதவின் நடுப்பகுதி, முன் மட்காட், டிக்கியின் தட்டையான பகுதி ஆகியவற்றில் விழுந்தவற்றைப் புதியவர் ஒருவர் தாராளமாக எடுக்கலாம். உள்ளங்கை அளவுக்கு மேல் போகாமல், மேலோட்டமான கிண்ணம் போல இருந்தால் இன்னும் நல்லது.

கத்தியால் மடித்தது போல கூரான மடிப்பு விழுந்திருந்தால் தகடு நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதை வீட்டில் முழுதாகத் திருப்ப முடியாது. கதவின் ஓரம், காரின் பக்கவாட்டில் ஓடும் அலங்கார மடிப்புக்கோடு, கூரை ஆகிய மூன்றும் அனுபவப்பட்ட கைக்கான இடங்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கும் தூண், கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் போன்றவை விபத்தில் உயிர் காக்கும் பகுதிகள். அங்கே நெளிவு இருந்தால் கராஜுக்குத்தான் போக வேண்டும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் ஓடும் பக்கம் துளையிடவோ கம்பி விட்டு நெம்பவோ கூடாது, அவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒடுக்கைச் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, உங்கள் வேலைக்கு ஏற்றது. ஒட்டாவிட்டால் மூன்று காரணங்களில் ஒன்று: அது பிளாஸ்டிக், அல்லது அலுமினியம், அல்லது முன்பு யாரோ தடிப்பாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை, காய்ந்தால் இறுகும்) போட்டு மூடிய இடம். டொயோட்டா பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் பொனட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போலப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, சுலபமாக வெடிக்கும். அதை விட்டுவிடுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இந்தக் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கையால் பார்ப்பது

நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கல்லடியில் வயதான டிங்கர் (கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்துபவர்) ஒருவர் வேலை செய்வதைப் பல நாட்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் சுத்தியல் எடுக்குமுன் ஐந்து நிமிடம் தகட்டைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் ஒடுக்கை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றபோது, “கண்ணால பாக்காத மனே, கண் ஏமாத்திரும். கையப் போடு” என்றார்.

உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, கையுறை அல்லது மெல்லிய பருத்தித் துணி இடையில் இருக்க, நல்ல தகட்டிலிருந்து தொடங்கி ஒடுக்கைத் தாண்டி மறுபக்க நல்ல தகடு வரை ஒரே இழுப்பில் கொண்டு போங்கள். துணி இருந்தால் கை தடையில்லாமல் வழுக்கும், மேடு பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரியும். நாலு திசையிலும் இப்படிச் செய்யுங்கள். அப்போது ஒன்று புரியும்: ஒடுக்கு வெறும் பள்ளம் இல்லை. பள்ளத்தைச் சுற்றி வளையமாகவோ பிறை போலவோ ஒரு மேடும் எழும்பியிருக்கும். பள்ளத்தை மட்டும் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் தோற்பது அந்த மேட்டைக் காணாததால்தான்.

வெளிச்சமும் உதவும். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மதிலின் விளிம்பையோ வீட்டு முன் டியூப் லைட்டையோ தகட்டில் பிரதிபலிக்க வைத்துப் பாருங்கள். நேர்கோடு எங்கே வளைகிறதோ அங்கே பள்ளம் தொடங்குகிறது. மேட்டையும் பள்ளத்தையும் அழியக்கூடிய மார்க்கரால் வேறு வேறு குறிகளாக வரைந்துகொள்ளுங்கள்.

பெயின்ட் உடையாத ஒடுக்கு

இங்கே நோக்கம், பெயின்டைக் கெடுக்காமல் தகட்டைத் திருப்புவது. அகலமான, ஆழமில்லாத ஒடுக்குக்கு உறிஞ்சுக் கிண்ணம் போதும். ஹாட்வெயார் கடையில் கண்ணாடி தூக்குவதற்கு விற்கும் கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம் நல்லது, சிங்க் அடைப்பெடுக்கும் ரப்பரும் சில வேளை வேலை செய்யும். தகட்டைக் கழுவி, காரை அரை மணி நேரம் வெயிலில் விட்டுச் சூடாக்குங்கள். சூட்டில் பெயின்ட் கொஞ்சம் இளகும், வெடிக்கும் வாய்ப்புக் குறையும். கிண்ணத்தின் விளிம்பை ஈரமாக்கி, பள்ளத்தின் நடுவில் அழுத்தி ஒட்டி, நேராக உங்களை நோக்கி இழுங்கள். ஒரேயடியாக முழுப் பலத்தையும் போடாமல், இழுத்து விட்டு, இழுத்து விட்டு, மெல்லக் கூட்டுங்கள். சரியான ஒடுக்கு ‘டொக்’ என்று சத்தம் போட்டு வெளியே வரும்.

ஹேர் டிரையரால் சூடாக்கி உடனே ஐஸ் வைத்தால் ஒடுக்கு தானாக நிமிரும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். மிக மேலோட்டமான, பெரிய பரப்பில் விழுந்த ஒடுக்கில் எப்போதாவது நடக்கலாம். குரும்பட்டி விழுந்த சின்ன வட்ட ஒடுக்கில் நடக்காது. நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

கிண்ணத்துக்கு அசையாவிட்டால் உள்ளிருந்து தள்ள வேண்டும். கதவென்றால் உள்பக்கப் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். கைப்பிடியின் ஸ்க்ரூக்கள், மூடியின் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்கள், ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் கிளிப்புகள். கிளிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடையும், துணி சுற்றிய அகலமான தட்டையான பொருளைக் கிளிப்புக்குப் பக்கத்தில் விட்டுத் தூக்குங்கள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். பவர் ஜன்னல் உள்ள கதவு, எயார்பேக் உள்ள கார் என்றால் முதலிலேயே பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். மட்காட்டை உள்ளிருந்து அணுகச் சக்கரம் கழற்றினால், ஜாக்கின் மேல் மட்டும் காரை நிறுத்திக்கொண்டு கையை உள்ளே விடாதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் கட்டாயம்.

உள்ளே கை போனதும், துணி சுற்றிய மரக்கட்டையின் உருண்டையான முனையால் பள்ளத்தின் வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி வட்டமாக நடுவை நோக்கி அழுத்திக்கொண்டு வாருங்கள். நடுவில் தொடங்கினால் அங்கே ஒரு மொட்டு எழும்பும், அதை இறக்குவது ஒடுக்கை விடக் கஷ்டம்.

பம்பரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக், அதற்குச் சுடுதண்ணீரே மருந்து. கேத்தலில் கொதித்த தண்ணீரை ஒடுக்கின் மேல் மெதுவாக ஊற்றி, தடிப்பான கையுறையுடன் பின்னாலிருந்து தள்ளுங்கள், வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றி இறுக வையுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் முற்றத்தில் விடாதீர்கள்.

தட்டி எடுக்க வேண்டி வந்தால்

ஒடுக்கு எந்த ஒழுங்கில் உள்ளே போனதோ, அதற்கு எதிர் ஒழுங்கில் வெளியே வரும். மாடு இடித்தது என்று வையுங்கள். முதலில் நடு உள்ளே போகிறது, அது இழுக்க இழுக்கச் சுற்றிலும் மேடு எழும்புகிறது. கடைசியாக உண்டானது அந்த மேடு. ஆகவே முதலில் தணிக்க வேண்டியதும் மேடுதான். உள்ளிருந்து ஒரு கனமான, வழவழப்பான இரும்புக் கட்டியைப் பள்ளத்தின் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டு, வெளியே மேட்டின் மேல் சிறிய சுத்தியலால் தட்ட வேண்டும். டிங்கர்கள் இதற்கு டொலி என்று வைத்திருப்பார்கள். மேடு இறங்க, பள்ளம் தானாக ஏறும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு பலமாக அடிப்பது. சுத்தியலுக்கும் டொலிக்கும் நடுவே தகட்டை நசுக்கினால் அது மெலிந்து அகலமாகிவிடும். அகன்ற தகட்டுக்குப் போக இடமில்லாமல், அழுத்தினால் உள்ளே போய் விட்டால் வெளியே வரும் தகர டப்பா போல ஆகிவிடும். பத்து பலத்த அடியை விட நூறு மெல்லிய தட்டு மேல். ஐந்தாறு தட்டுக்கு ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். முழு மட்டமாக வர வேண்டியதில்லை, சுற்றுத் தகட்டை விட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்வாக நின்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைப் பட்டி நிரப்பும். உயரமாக நின்றுவிட்டால் பட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டி

இந்த நாளை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரத்தில் தொடங்கக் கூடாது. நவம்பர், டிசம்பர், ஜனவரி வேண்டாம், மாரியின் ஈரம் எல்லாவற்றுக்குள்ளும் போகும். பெப்ரவரி, மார்ச் மிக நல்லது. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் காலத்திலும் செய்யலாம், காற்று உலர்ந்திருப்பது பட்டிக்கு நல்லது, ஆனால் பிற்பகலில் கிளம்பும் புழுதி பெயின்டுக்கு ஆகாது. எந்த மாதமானாலும் விடிந்ததும் தொடங்கி, அன்றைக்கு மாலைக்குள் பிரைமர் என்ற அடிப்பூச்சு வரை முடிக்கக் கூடிய நாளாக இருக்க வேண்டும். தகட்டை வெறுமையாக்கிய இரவே அது மூடப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் கழுவுங்கள். டயர் பொலிஷ், டேஷ்போர்ட் ஸ்ப்ரே போன்றவற்றில் இருக்கும் சிலிக்கன் ஒரு துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு துடைக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் மிஞ்சும். பெயின்ட் கடையில் கிடைக்கும் எண்ணெய் நீக்கியைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பிறகு 80 இலக்கச் சாண்ட் பேப்பரால் ஒடுக்கின் உள்ளேயும் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டரும் வெறும் தகடு வரும் வரை தேயுங்கள். பெயின்டின் விளிம்பு படி போல நிற்கக் கூடாது. 120, 180 என்று மாற்றித் தேய்க்கும்போது கிளியர் (நிறத்தின் மேல் போடும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), நிறம், பிரைமர், தகடு என்று வளையம் வளையமாகத் தெரியத் தொடங்கும். வளையங்கள் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. துரு ஏற்கெனவே இறங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும் வரை சுரண்டுங்கள், குழிக்குள் கறுப்பாக ஒளிந்திருக்கும் துருவையும் விட வேண்டாம். ஓட்டை விழுந்திருந்தால் பட்டியை நிறுத்திவிட்டு வெல்டிங் செய்பவரிடம் போங்கள். ஓட்டையை மூடிய பட்டி பின்னாலிருந்து ஈரம் குடித்து ஒரு மாரியில் விழுந்துவிடும்.

இப்போது கலவை. பட்டியும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் தனித்தனியே வரும். பொதுவான அளவு 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர், டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று அள்ளிப் போடுபவர்கள் உண்டு. மிஞ்சிய ஹார்ட்னர் பிறகு மேலே ஊறி வந்து பெயின்டின் நிறத்தையே மாற்றும். குறைந்தால் பட்டி கடைசி வரை பிசுபிசுப்பாகவே இருக்கும். கார்ட்போர்ட்டில் கலக்காதீர்கள், அது பட்டியில் உள்ள திரவத்தை உறிஞ்சிவிடும். ஒரு தரை ஓட்டுத் துண்டு போதும். அடித்துக் கலக்காமல், அழுத்தி மடித்து, அழுத்தி மடித்து, ஹார்ட்னரின் நிறக் கோடு ஒன்றும் தெரியாமல் ஒரே நிறமாகும் வரை கலக்குங்கள். அடித்தால் காற்றுக் குமிழி புகுந்து பிறகு ஊசித்துளைகளாக நிற்கும். நம்ம வெயிலில் நாலு நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கும். அதனால் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள். வாசம் கடுமையாக இருக்கும், திறந்த முற்றத்தில் மட்டுமே செய்யுங்கள்.

முதல் பூச்சு மெல்லியதாக, தகட்டின் கீறல்களுக்குள் போகும்படி பலமாக அழுத்திப் பூச வேண்டும். பட்டியைத் தகட்டில் பிடித்து வைத்திருப்பது இந்தப் பூச்சுத்தான். அதற்கு மேல் நிரப்பும் பூச்சு, பள்ளத்தை விடச் சற்று அகலமாக. மொத்தத் தடிப்பு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டியிருந்தால் நீங்கள் தட்டியது போதாது, திரும்பிப் போய்த் தட்டுங்கள்.

இருபது முப்பது நிமிடம் கழித்துத் தேய்க்கலாம். சாண்ட் பேப்பரை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் போகும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். ஒரு நேரான மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, குறுக்கும் மறுக்குமாக இழுங்கள். 80, பிறகு 180, பிறகு 240. மறுபடி கை. கண்ணை மூடிக்கொண்டு தடவும்போது எங்கே பட்டி தொடங்குகிறது என்று தெரியாமல் போக வேண்டும். தெரிந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. முதல் தடவையில் மூன்று பூச்சு ஆவது சாதாரணம், மனம் தளர வேண்டாம்.

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். என் முதல் வேலையில் நான் அதைத்தான் செய்தேன். தூசி பறக்காமல் வழவழவென்று வந்தது, ஒரு நாள் முழுக்க வெயிலில் உலர்த்தினேன், பெயின்டும் நன்றாகவே விழுந்தது. செப்டெம்பரில் முடித்தேன். அந்த மாரி முடியும்போது கதவில் அரிசி அளவுக் கொப்புளங்கள் வரிசையாக எழும்பியிருந்தன. ஒன்றைக் கீறிப் பார்த்தபோது பட்டிக்கு அடியில் தகடு முழுக்கச் செம்மஞ்சள். பட்டி பஞ்சு போல, தண்ணீரைக் குடித்துத் தகடு வரை கொண்டு போய்விடும், மேலே வெயில் காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அதிலும் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும் கரையோர வீட்டில் தேய்த்தால் நாமே உப்பை உள்ளே வைத்துப் பூசுகிறோம். இரண்டு நாள் வேலையை முழுதாகச் சுரண்டி எடுத்து மறுபடி செய்தேன். தூசிக்கு ஒரு நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்வாகவே தேயுங்கள்.

பிரைமர், நிறம்

தூசியைத் துடைத்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பும் பழைய பத்திரிகையும் ஒட்டுங்கள். வேலை செய்யும் இடத்துக்கு மிகக் கிட்ட ஒட்டாமல், அடுத்த விளிம்பு வரை இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கத்தி போலக் கோடு விழும். பிரைமர் ஸ்ப்ரேயை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் தூவி, கட்டையில் சுற்றிய 400, பிறகு 600 பேப்பரால் தேயுங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம், உடனே தகடோ பட்டியோ தெரியும் இடம் மேடு. ஊசித்துளைகள் இருந்தால் பினிஷிங் பட்டியை விரலால் அழுத்தி அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர்.

சாம்பல் நிறப் பிரைமர்த் திட்டோடு மாதக்கணக்கில் ஓடும் கார்களை நம்ம வீதிகளில் நிறையப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் பதறுகிறது. ஸ்ப்ரே பிரைமர் ஈரத்தை விடும். மூடிவிட்டோம் என்று நினைத்திருக்க, அடியில் துரு நடந்துகொண்டிருக்கும். பிரைமர் போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் நிறமும் கிளியரும் போட வழியில்லை என்றால் வேலையைத் தொடங்காமலே இருங்கள்.

நிறத்தைக் கண்ணால் பொருத்தாதீர்கள். டொயோட்டாவில் சாரதிப் பக்கக் கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ இருக்கும் தகட்டில் நிற இலக்கம் இருக்கும். 040 என்றால் சாதாரண வெள்ளை, வீட்டில் செய்ய மிகச் சுலபம். 1F7 வெள்ளி மெட்டாலிக், கையின் வேகம் மாறினாலே திட்டாகத் தெரியும், பொறுமை வேண்டும். 070 முத்து வெள்ளை, அது அடி நிறம், முத்துப் படலம், கிளியர் என்று மூன்று அடுக்கு. முத்து வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் பிரைமர் வரை செய்துவிட்டு, நிறத்துக்கு மட்டும் பெயின்டரிடம் உடனே கொண்டு போவது புத்தி. கடையில் இலக்கத்தைச் சொல்லிக் கலக்கச் சொன்னாலும், பத்து வருட வெயிலில் உங்கள் கார் வெளிறியிருக்கும். பெட்ரோல் ஊற்றும் இடத்தை மூடும், கார் நிறத்திலேயே இருக்கும் வெளிமூடியைக் கழற்றிக் கொண்டு போய்க் காட்டினால் அதற்கேற்பத் திருத்திக் கலப்பார்கள்.

பெயின்ட் அடிக்க நல்ல நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பது. பனி உலர்ந்திருக்கும், காற்று எழும்பியிருக்காது. முற்றத்து மண்ணில் முதல்நாள் மாலையே தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். மாமரத்தின் கீழ் வேண்டாம், பாலும் எறும்பும் விழும். கை தகட்டுக்கு இணையாக நகர வேண்டும், வட்டமாக வீசக் கூடாது. ஸ்ப்ரேயைத் தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூடும்படி. முதல் பூச்சில் அடி நிறம் தெரியத்தான் செய்யும். அதை மூட வேண்டும் என்று அங்கேயே நின்றால் வழியும். நாலு மெல்லிய பூச்சு, பிறகு கிளியர் மூன்று. கிளியரைத் திட்டுக்கு மட்டும் போடாமல் அந்தக் கதவு அல்லது மட்காட் முழுவதும் போட்டால் ஒட்டு தெரியாது. ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பகுதிக் கிளியரை வீட்டில் அடிக்க வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது.

ஒரு வாரம் போகட்டும். அப்புறம் 1500, 2000 வெட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, கட்டிங் பேஸ்ட்டால் பொலிஷ் செய்யுங்கள். தண்ணீருக்கு இடம் இந்தக் கட்டத்தில்தான், கிளியர் மூடிய பிறகு. மெழுகு பூச ஒரு மாதம் பொறுங்கள்.

உள்பக்கம்

வெளிப்பக்கம் பளபளத்ததும் வேலை முடிந்தது என்று கதவைப் பூட்டிவிடுவார்கள். நீங்கள் தள்ளியதும் தட்டியதும் உள்ளிருந்து. அங்கேயும் பெயின்ட் உதிர்ந்திருக்கும், உப்புக் காற்று கதவுக்குள்ளும் போகிறது. உள்பக்கத்தைத் துடைத்து, துரு இருந்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, காய்ந்ததும் உள்வெளிகளுக்கென்று விற்கும் துருத்தடுப்பு மெழுகை ஸ்ப்ரே செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால் சுத்தமான கிறீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு கதவின் அடி விளிம்பில் பாருங்கள், இரண்டு மூன்று சின்னத் துவாரங்கள் இருக்கும். ஜன்னல் வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவது அவற்றால்தான். பட்டித் தூசியும் மண்ணும் அவற்றை அடைத்திருக்கும். ஓர் ஈர்க்கை விட்டுக் குத்தி எடுத்து, மேலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பார்த்துவிட்டு, மெழுகு பூசிய பிறகும் ஒரு தடவை ஈர்க்கை விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளை ஓரம் முழுக்க ஒட்டிய பிறகே பலகையைப் பூட்டுங்கள்.

மாரி முடிந்து தை பிறந்ததும் ஒரு காலையில் அந்த இடத்தைக் கழுவி, சாய்ந்த வெயிலில் பாருங்கள், கையாலும் தடவுங்கள். பட்டியின் விளிம்பு ஓடிய கோட்டில் மணல் போல ஏதாவது கையில் தட்டினால், அன்றைக்கே அந்தப் புள்ளியை மட்டும் தகடு வரை சுரண்டி, உலரவிட்டு, பிரைமர், நிறம், கிளியர் என்று மூடிவிடுங்கள். அரை நாள் போதும்.